சூடு உறைக்காத கால்

தம்பி,

கடிதம் என்றால் எல்லாரும் நலம் என்றுதான் தொடங்க வேண்டும். உன் அம்மா நலம். கடை நலம். வாசலில் புதிதாக வந்து ஒட்டிக்கொண்ட நாய் ரொம்பவே நலம். என் கால்கள் மட்டும் இன்னும் நலத்துக்கு வந்து சேரவில்லை, வந்துகொண்டிருக்கின்றன. தினமும்தான் போனில் பேசுகிறோமே, இதற்கு மேல் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பாய். போனில் நான் ஒன்றைத் தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று நீ முடித்துவிடுகிறாய். காகிதத்தில் உன் ஜம்பம் பலிக்காது, நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். இன்னொன்று, எழுதி முடித்ததும் இதை போட்டோ எடுத்து நம் ஊர்க் கோயில் வாட்ஸ்அப் குரூப்பிலும் போடப் போகிறேன். அதில் காலை வணக்கத்தையும் ரோஜாப்பூவையும் தவிர வேறு எதுவும் வருவதில்லை. ஒரு நாளைக்காவது உருப்படியாக ஏதாவது வரட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் மாரியம்மன் கோயில் பூக்குழித் தணலில் நான் இறங்கப் போவதில்லை என்று போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். உடனே நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "ஒங்களுக்குப் பதிலா நான் எறங்குறேன்ப்பா, லீவு சொல்லிட்டேன். நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க. எனக்கும் சூடெல்லாம் அவ்வளவா ஒறைக்காது. இங்க மத்தியான வெயில்ல கான்கிரீட் தளத்துல வெறுங்கால்ல நின்னாக்கூட ஒண்ணும் தெரியல. ஒங்க பிள்ளைல்ல!" என்று சொல்லிச் சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். நான் கையிலிருந்த இட்லியைத் தட்டிலேயே வைத்தேன். சிங்கப்பூரில் நீ பார்ப்பது சேஃப்டி சூப்பர்வைசர் வேலை. பூட்ஸ் போடாதவனைத் திட்டுவதற்கே உனக்குச் சம்பளம். நீ ஏன் வெறுங்காலோடு தளத்தில் நின்றாய் என்று கேட்க வாய்வரை வந்தது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. உன் காலுக்கு ஏன் சூடு உறைக்கவில்லை? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

போன வருஷம் நான் பூக்குழி இறங்கியதை நீ வீடியோவில் பார்த்திருப்பாய். பார்த்துவிட்டுக் கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய். எல்லாரும் "ஆத்தா, தாயே" என்று நாலே எட்டில் தாவிக் கரையேறினார்கள். உன் அப்பன் நான் மட்டும் கடைத்தெருவில் காய்கறி வாங்கப் போகிறவனைப் போல மெதுவாக நடந்தேன். நடுக் குழியில் மஞ்சள் வேட்டி நழுவியது. நின்று, இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தேன். ஊரே மெய்மறந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். மேளக்காரர் எனக்காகவே ஒரு தனி அடி அடித்தார். கரையேறியதும் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் காலில் போட்டு விபூதி பூசச் சொன்னார்கள். நானும் பூசினேன். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது. கறம்பக்குடியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக்கை ஒரு நாளைக்குச் சாமியாக்கினால் யாருக்குத்தான் கசக்கும்? எனக்கு எதுவும் சுடவில்லை, அதுதான் உண்மை. ஆத்தாவே இறங்கி வந்துவிட்டாள் என்று நானும் மனதார நம்பினேன். காப்புக் கட்டிய நாளிலிருந்து விரதம் என்று சுகர் மாத்திரையையும் சேர்த்து நிறுத்தியிருந்தேன். அதையும் பக்திக் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உன் அம்மா கூடத்தைப் பெருக்க வந்தாள். தரையில் ஈரமாக ஏதோ தடம் தடமாகக் கிடந்தது. நாய்தான் எதையோ மிதித்துவிட்டு வந்திருக்கிறது என்று அதை விரட்டினாள். தடம் நாற்காலியில் வந்து முடிந்தது, நாற்காலியில் நான் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். காலைத் தூக்கச் சொன்னாள். பார்த்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். பாதம் முழுக்கக் கொப்புளம். பாதி உடைந்து சாம்பல் ஒட்டிக் கிடக்கிறது. கட்டைவிரலுக்குக் கீழே சதை வெந்திருக்கிறது. "வலிக்கலையாங்க, வலிக்கலையாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். வலிக்கவில்லை என்று சொல்லச் சொல்ல அவள் அழுகை கூடியது. அப்போதுதான் எனக்கு முதல் முறையாகப் பயம் வந்தது. உனக்குக் கொஞ்சம் கொப்புளம் என்று மட்டும்தான் சொன்னோம். புதுக்கோட்டையில் டாக்டர் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டியிருந்திருக்கும் என்றார். காயம் ஆற மாதக்கணக்கில் ஆனது. கடையில் காலை ஸ்டூல் மேல் நீட்டிவைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் பழுது கேட்டதைத் தவிர வேறு எந்த வேலையும் செய்யவில்லை. காயம் ஆறியபோது கெண்டைக்கால் இளைத்துப்போயிருந்தது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. அதற்காகத்தான் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம் அனுப்பினார்கள்.

அந்தப் பெண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். உன்னைவிட இளையவள், சிரித்த முகம், ஆனால் பிடித்தால் விட மாட்டாள். முதல் நாள் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தாள். "கண்ண மூடிக்கங்கய்யா. பாதத்துல நான் தொடுறப்ப மட்டும் தெரியுதுன்னு சொல்லுங்க" என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு "தெரியுது" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "தெரியுது" என்றேன். அவள் சிரிப்பது கேட்டது. "நான் இன்னும் தொடவே இல்லைங்கய்யா" என்றாள். மானம் போயிற்று. அப்புறம் ஒழுங்காகச் செய்தேன். அவள் தொட்டு முடித்துவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொன்னாள். பாதம் முழுக்கத் தொட்டாளாம். குதிகால் ஓரத்தில் ஓரிடம் தவிர எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. தட்டினால் அதிர்கிற ஓர் இரும்புக் கவட்டையைக் கட்டைவிரல் எலும்பில் வைத்தாள். மோட்டாரின் அதிர்வைத் தொட்டுப் பார்த்தே பேரிங் போய்விட்டதா இல்லையா என்று சொல்கிறவன் நான். என் கட்டைவிரலில் அதிர்வது எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நெஞ்சு. என்னைப் படுக்கவைத்து வயர் ஒட்டி, ஆழமாக மூச்சை இழுத்து விடச் சொன்னாள். பக்கத்துப் பெட்டியில் என் இதயத் துடிப்பு கோடு போட்டு ஓடியது. நான் எட்டிப் பார்த்தேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூச்சை இழுத்தாலும் விட்டாலும் ஏற்ற இறக்கமே இல்லை, ஒரே சீர். "பாத்தீங்களாம்மா, எப்படி ஓடுதுன்னு? லோடு மாறினாலும் ஸ்பீடு மாறாது" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "நெஞ்சு மோட்டார் இல்லைங்கய்யா. மூச்சை இழுத்தா கொஞ்சம் கூடணும், விட்டா கொஞ்சம் கொறையணும். நாம சொல்லித் தூக்குற கை கால் நரம்பு ஒரு பக்கம். நாம சொல்லாமலே நெஞ்சு, பிபி, வேர்வை, செரிமானம்னு பாத்துக்குற நரம்பு இன்னொரு பக்கம். சுகர் கூடிக் கெடந்தா ரெண்டையும் கெடுத்துரும். எந்திரிச்சு நின்னா ஒங்களுக்குத் தல சுத்துறதும் இந்த நரம்பு சோம்பிக் கெடக்குறதாலதான்" என்றாள். நல்ல மோட்டாருக்கு அழகு என்று நான் ஆயுசு முழுக்க நம்பிய குணம் என் நெஞ்சுக்கு நோயாக இருக்கிறது. இதைக் கேட்டுவிட்டு உன் அம்மா பஸ்ஸில் வரும்போது சொன்னாள், "நான் திட்டுறப்பகூட ஒங்க நெஞ்சு ஒரே சீராத்தான் அடிச்சிருக்கும் போல" என்று.

அப்புறம் கரண்டு. உன் அப்பன் இத்தனை வருஷம் கரண்டு உடம்பில் ஏறாமல் பார்த்துக்கொண்டுதான் பிழைத்தான். இப்போது பஸ் ஏறிப் போய்ப் படுத்து, ஏற்றுங்கள் அம்மா என்று காட்ட வேண்டியதாயிற்று. தொடையிலும் கெண்டைக்காலிலும் பசையோடு இருக்கிற பட்டைகளை ஒட்டுகிறாள். சின்னப் பெட்டிதான், குமிழைத் திருகுகிறாள். முதலில் எறும்பு ஊர்வது மாதிரி இருக்கும். கொஞ்சம் கூட்டினால் சதை தானாகப் பிடித்து இழுக்கும், விடும், பிடிக்கும், விடும். நான் சொல்லாமல் என் பாதம் தூக்கிக்கொண்டு ஆடுவதைப் பார்க்க எனக்கே வேடிக்கையாக இருந்தது. முதல் நாள் உன் அம்மா பயந்துபோய், "ஏம்மா, ஷாக் அடிச்சிராதே?" என்று கேட்டுக்கொண்டே என் கையைப் பிடிக்க வந்து, பிடித்தால் தனக்கும் அடிக்குமோ என்று விட்டுவிட்டாள். கல்யாணத்தில் ஊர் அறியப் பிடித்த கை! நான் வழக்கம் போல மேதாவித்தனம் செய்தேன். கெட்டுப்போனது பாதம்தானே, பட்டையைப் பாதத்திலேயே ஒட்டி நன்றாக ஏற்றுங்கள் என்றேன். "உணர்ச்சி இல்லாத எடத்துல ஏத்தினா தோலு வெந்தாலும் ஒங்களுக்குத் தெரியாதுங்கய்யா. தெரியிற எடத்துலதான் வைப்பேன்" என்று சொல்லிவிட்டாள்.

இந்தக் கரண்டு சுகரைத் தீர்த்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அவளே அப்படிச் சொல்லவில்லை. நடக்க முடியாதவனின் சதைக்கு இது ஒரு வேலை. வேலை செய்கிற சதை சர்க்கரையைத் தின்னும், வலு வரும், வலு வந்தால் நடக்கலாம். நரம்புக்கும் கொஞ்சம் நல்லது செய்யலாம், செய்யாமலும் போகலாம் என்றாள். மாத்திரையை நிறுத்தினால் வாசற்படி மிதிக்க விட மாட்டேன் என்றும் சேர்த்துச் சொன்னாள். நான் மாத்திரை போட்டேன், கரண்டு வைத்துக்கொண்டேன். கால் கொஞ்சம் தேறியதும் மெத்தென்ற செருப்புப் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் நடந்தேன். தினமும் உன் அம்மா கண்ணாடி வைத்து என் உள்ளங்காலைப் பார்க்கிறாள். நான் பொண்ணு பார்க்கப் போனபோதுகூட அவள் என்னை இவ்வளவு உற்றுப் பார்த்ததில்லை. போன மாதம் மறுபடியும் நெஞ்சில் வயர் ஒட்டிப் பார்த்தார்கள். மூச்சை இழுத்தபோது துடிப்பு கொஞ்சமே கொஞ்சம் கூடியது. எதனால் வந்தது, மாத்திரையாலா, நடையாலா, கரண்டாலா என்று கேட்டேன். "அதப் பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதுங்கய்யா. எதையும் விட்டுராதீங்க" என்றாள். இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுவது குறைந்திருக்கிறது. ஆனால் பாதத்தில் அந்த நைலான் இழை இன்னும் தெரியவில்லை. அந்த உணர்ச்சி திரும்பி வராமலே போகலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்ட அன்று எனக்கு அழுகை வந்தது, பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதையும் உனக்கு மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

உன்னிடம் நான் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. பாலிடெக்னிக் லீவில் நீ கடைக்கு வருவாய். ஒரு நாள் மோட்டாரின் பாடியில் கரண்டு கசிகிறதா என்று நான் புறங்கையால் தொட்டுப் பார்த்தேன். டெஸ்டர் கைக்கெட்டும் தூரத்தில்தான் கிடந்தது. சுருக்கென்று ஒன்று வைத்தது, நான் முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து நீயும் தொட்டாய். உனக்கு நன்றாகவே அடித்தது, கை எகிறிச் சுவரில் இடித்துக்கொண்டது எனக்குத் தெரியும். கண்ணில் தண்ணீரோடு "ஒண்ணுமில்லப்பா" என்றாய். வாடிக்கையாளர் ஒருவர், "அப்பனுக்குப் பிள்ளை தப்பாமப் பொறந்திருக்கான்" என்றார். நமக்கு இரண்டு பேருக்கும் அது இனித்தது. வலிக்கவில்லை என்று சொல்கிறவனுக்குத்தான் நம் பக்கத்தில் மரியாதை. வலிக்காததே நோயாக இருக்கும் என்று யாருக்குத் தெரிந்தது? "எனக்கும் சூடு உறைக்காது" என்று நீ சொன்னது அதே பெருமைக் குரல், தம்பி. அது வெறும் வாய்ப்பேச்சாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. என் அப்பாவுக்கும் சுகர், எனக்கும் சுகர். உனக்கு வயது குறைவுதான், ஆனால் நீ அங்கே குடிக்கிற குளிர்பான டப்பாக்களை வீடியோவில் நானும்தான் பார்க்கிறேன்.

இனி கோயில் கூட்டத்துக்கு வருகிறேன். காப்புக் கட்டுக்கு முன்னால் மண்டபத்தில் கூடினோம். கமிட்டித் தலைவர், அதுதான் உன் அம்மாவின் பெரியப்பா மகன், உன் பெரிய மாமா, எழுந்து, "மாப்பிள்ளைதான் இந்த வருசம் மொதல்ல எறங்கணும். போன வருசம் நாம எல்லாம் கண்ணால பாத்தோம்ல" என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். முதலில் இறங்குவது என்றால் சும்மா இல்லை, அந்த மரியாதைக்கு ஊரில் சண்டையே நடந்திருக்கிறது. மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்தேன். "போன வருசம் எனக்குச் சுடல. உண்மதான். ஆனா என் கால்ல இப்ப கொள்ளியத் தனியா வச்சாலும் சுடாது. சுகர்ல நரம்பு செத்துப்போச்சு" என்றேன். "என்ன மாப்பிள்ளை, அப்ப ஆத்தா வரலங்கிறீங்களா?" என்று மாமா கேட்டார். கோபமாகத்தான் கேட்டார். "வந்தாளே மாமா. அவ வரலேன்னா என் வெரலு போயிருக்கும். ஆனா ஆத்தாவுக்கு நான் குடுக்கிறதா நேந்துக்கிட்டது சூட்டைத் தாங்குறத. சூடே தெரியாத கால வச்சுக்கிட்டு எறங்கினா அவளுக்கு நான் எதைக் குடுத்தேன்? ஊர ஏமாத்தின மாதிரில்ல ஆயிரும்" என்றேன். சொல்லி முடித்து உட்கார்ந்தேன்.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. யாரும் என்னைத் திட்டவில்லை. பின்வரிசையில் ஒருவர் மெதுவாகக் காலை மடக்கித் தன் பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டுத் தானும் கிள்ளினார். கொஞ்ச நேரத்தில் அம்மன் சந்நிதி முன்னால் பெரிய மனிதர்கள் எல்லாம் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு கிள்ளிக்கொண்டிருந்தார்கள். கடைசியில், இனிக் காப்புக் கட்டுகிறவர்கள் காலைச் சோதித்துக்கொண்டுதான் கட்ட வேண்டும் என்று முடிவானது. பிசியோ பெண்ணே நைலான் இழையோடு பந்தலுக்கு வந்தாள். முதல் ஆளாகப் பெரிய மாமா கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். "தெரியுது" என்றார். அவள் தொடவில்லை. "இப்ப நல்லாவே தெரியுது" என்றார். அவள் இழையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சிரிப்பை அடக்க முடியாமல் பந்தலுக்கு வெளியே போனேன். மாமாவும் இந்த வருஷம் இறங்கப் போவதில்லை. இரண்டு நாள் என்னோடு பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள் வந்து, "பஸ்ஸு எத்தன மணிக்கு மாப்பிள்ளை? அந்தக் கரண்டு வைக்கிற எடத்துக்கு நானும் வாரேன்" என்றார்.

ஆகவே தம்பி, இதைப் படித்ததும் அங்கேயே ஒரு கிளினிக்குக்குப் போ. ரத்தத்தில் சுகர் பார், பாதத்தைச் சோதிக்கச் சொல். கண்ணை மூடச் சொன்னால் மூடு, தொடுவதற்கு முன்னால் "தெரியுது" என்று சொல்லாதே. ரிசல்ட் எதுவானாலும் உன் அம்மாவுக்குச் சொல்வதற்கு முன்னால் எனக்குச் சொல். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். உனக்கு உணர்ச்சி குறைவு என்று வந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. என்னை விட எத்தனையோ வருஷம் முன்னதாகப் பிடித்துவிட்டோம் என்று அர்த்தம். ஊருக்கு வா, நானும் நீயும் உன் பெரிய மாமாவும் கரையில் நின்று சாமி கும்பிடலாம். கரையில் நிறைய இடம் இருக்கிறது.

ஒன்றும் இல்லை, கால் நன்றாக இருக்கிறது என்று வந்தால் காப்புக் கட்டிக்கொள். மாத்திரை போடுகிறவர்கள் விரதத்திலும் மாத்திரையை விடக் கூடாது என்பதை உனக்கும் சேர்த்துச் சொல்லிவைக்கிறேன். ஆனால் குழியில் இறங்கும்போது என்னை மாதிரி நடக்காதே. நடுவில் நின்று வேட்டியைச் சரிசெய்யாதே, அவிழ்ந்தால் அவிழ்ந்துவிட்டுப் போகட்டும். பூ சுடும். சுட்டதும் "ஐயோ, ஆத்தா" என்று ஊரே கேட்கக் கத்திக்கொண்டு ஓடு. எவன் சிரித்தாலும் சிரிக்கட்டும், ஓடி வந்து பால் குழியில் காலை வை. நீ போடுகிற அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் உன் அப்பா நான் கரையில் காத்துக்கொண்டு நிற்பேன்.

அப்பா